தவணை தவறிய வீட்டுக் கடன்: அரசின் கை எட்டும் இடங்கள்

இலங்கையில், தவணை தவறிய வீட்டுக் கடனை ஒரு வங்கியிடமிருந்து எடுத்துக்கொண்டு, குறைந்த வட்டியில் புதிய கடனாக மாற்றித் தரும் அரச நிறுவனம் இல்லை. இந்த அத்தியாயத்தை இந்தச் செய்தியோடு தொடங்குவதற்குக் காரணம் உண்டு. திருகோணமலையை அடுத்த இறக்கக்கண்டியிலும் நிலாவெளியிலும் குச்சவெளியிலும் தவணை கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்களில் பல, அப்படி ஒரு திட்டம் வரும் என்ற நம்பிக்கையில் மாதங்களைக் கடத்திவிடுகின்றன. தேர்தல் மேடையில் கேட்ட பேச்சு, கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் சொன்ன செய்தி, கைப்பேசியில் சுற்றும் ஒரு காணொளி என்று நம்பிக்கைக்கு ஏதாவது ஒன்று கிடைத்துவிடுகிறது. காத்திருக்கும் அந்த மாதங்கள்தான் வீட்டைக் காப்பாற்றக்கூடிய மாதங்கள். அரசு உங்கள் கடனை வாங்காது. ஆனால் உங்கள் உறுதியை வைத்திருக்கும் வங்கியைக் கட்டுப்படுத்தும் விதிகளில் அரசு இருக்கிறது, உங்கள் சேமலாப நிதியில் இருக்கிறது, அரச வீடமைப்பு வங்கிகளில் இருக்கிறது, ஏலத்துக்கு வரம்பு போட்ட சட்டங்களில் இருக்கிறது. இந்த நான்கில் எதை எடுத்தாலும், மூன்று மாத நிலுவை சேர்வதற்கு முன்பு போகிறவருக்குத்தான் முழுப் பயன் கிடைக்கிறது. இதுவே என் வாதம்.

வெளிநாட்டு உதாரணம் காட்டுவோருக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 1933இல், பெருமந்தக் காலத்தில், வீட்டுடைமையாளர் கடன் கூட்டுத்தாபனம் என்ற அரச நிறுவனம் உருவானது. தவணை தவறிய ஏறத்தாழ பத்து இலட்சம் வீட்டுக் கடன்களை அது வங்கிகளிடமிருந்து எடுத்து, நீண்ட தவணையில் புதுப்பித்துக் கொடுத்தது. இப்படி நடந்த பெரிய முயற்சிகளில் அது ஒன்று. அதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பம் பின்னர் வீட்டை இழந்தது. 2008 நெருக்கடியின்போது அதே நாட்டில், தவணை தவறியோருக்கு அரச உத்தரவாதத்தோடு மறுகடன் தரும் திட்டம் ஒன்று நான்கு இலட்சம் குடும்பங்களுக்கு உதவும் என்று அறிவிக்கப்பட்டது. ஆயிரம் பேருக்குக்கூட அது பயன்படவில்லை. 2009இல் தொடங்கி 2018 வரை நடந்த இன்னொரு மறுகடன் திட்டம் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களை மாற்றிக் கொடுத்தது. அதில் சேருவதற்கான நிபந்தனை, விண்ணப்பிப்பவர் அண்மைய மாதங்களில் தவணை தவறியிருக்கக் கூடாது என்பது. பணக்கார அரசு ஒன்று முழு மனதோடு இறங்கியபோதும், மறுகடன் என்ற கருவி தவறப்போகிறவரைக் காத்த அளவுக்குத் தவறியவரைக் காக்கவில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி தன் வெளிநாட்டுக் கடனையே கட்ட முடியாது என்று அறிவித்த ஓர் அரசிடம் அதைவிடப் பெரிதாக எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நம் நாட்டில் மீள்நிதியளிப்பு என்ற பெயரில் நடந்தவை உண்டு. அவை யாருக்குப் போயின என்று பார்க்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் மத்திய வங்கி ‘சுசஹன’ என்ற கடன் திட்டத்தை நடத்தியது. அது பாதிக்கப்பட்ட தொழில்களுக்கானது. 2020இல் கொரோனாக் காலத்தில் வந்த ‘சௌபாக்கியா’ மறுமலர்ச்சிக் கடன் 4 வீத வட்டியில் கிடைத்தது. அதுவும் தொழில் மூலதனத்துக்கானது. வீட்டுக்கென வந்த சலுகைகள் புதிதாகக் கடன் எடுப்போரை நோக்கியவை. 2020 டிசம்பரில் மத்திய வங்கி, சம்பளம் பெறுவோரின் ஈட்டு வீட்டுக் கடனுக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 7 வீத உச்ச வட்டியை விதித்தது. கடலை நம்பி வாழ்பவருக்கும் சுற்றுலாப் பருவத்தை நம்பி வாழ்பவருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. அதில் கடன் எடுத்த ஆசிரியர்களும் அரச ஊழியர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐந்தாண்டு முடிந்ததும் அந்தக் கடன் சந்தை வீதத்தோடு இணைகிறது. தவணை எவ்வளவு கூடும் என்பதை அந்த மாதத்தில் அறிந்து திடுக்கிடாமல், ஆறு மாதம் முன்பே வங்கியில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் ‘வீட்டுக் கடன்’ என்று சொல்வது உண்மையில் வீட்டுக் கடன்தானா? கடற்கரையோரக் கிராமங்களில் வீட்டு உறுதியை ஈடு வைத்து வள்ளமும் இயந்திரமும் வாங்குவது, கடை போடுவது, நிலாவெளிக்கு வரும் பயணிகளுக்காக இரண்டு அறை கூட்டிக் கட்டுவது எல்லாம் வழக்கம். ஈடு வீடு, ஆனால் கடனின் நோக்கம் தொழில். அப்படியானால் உங்கள் கதவு வேறு. 2024 மார்ச்சில் மத்திய வங்கி எல்லா உரிமம் பெற்ற வங்கிகளும் வணிக மறுமலர்ச்சிப் பிரிவு ஒன்றை அமைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. நொடிந்த தொழில் மீளும் வாய்ப்பு இருந்தால், தவணையை மாற்றுவது, வட்டியைக் குறைப்பது, புதிய மூலதனம் தருவது ஆகியவற்றை ஆராய்வதே அந்தப் பிரிவின் வேலை. கிளை முகாமையாளரிடம் ‘தவணை கட்ட வழியில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் உங்களை வசூல் பிரிவுக்கு அனுப்புவார். ‘இது தொழில் கடன், மறுமலர்ச்சிப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் கோப்பு வேறு மேசைக்குப் போகும். ஆகவே வங்கிக்குப் போகுமுன் கடன் ஒப்பந்தத்தை எடுத்து, நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள்.

இனி உண்மையான வீட்டுக் கடன். பலருடைய நிலுவைக்குக் காரணம் சோம்பலோ ஊதாரித்தனமோ அல்ல. அது கணக்கிலேயே தெரிகிறது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வங்கிகள் தம் சிறந்த வாடிக்கையாளருக்கே 25 வீதத்துக்கு மேல் வட்டி கேட்டன. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். 15 ஆண்டு காலத்துக்கு எடுத்த 20 இலட்சம் ரூபாய்க் கடனுக்கு 12 வீத வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 24,000 ரூபாய். அதே கடனுக்கு 18 வீதமானால் 32,200. 24 வீதமானால் 41,200. கடன் தொகை ஒரு ரூபாயும் கூடவில்லை, தவணை மட்டும் எழுபது வீதம் கூடிவிட்டது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்த அதே ஆண்டில் இது நடந்தது. இப்படி விழுந்தவர் வெட்கப்பட்டு ஒளிய வேண்டியதில்லை.

வட்டி ஏறியது போலவே இறங்கியும் விட்டது என்பதைப் பலர் தங்கள் கடனோடு பொருத்திப் பார்ப்பதில்லை. 2023 ஜூன் முதல் கொள்கை வட்டி படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2024 நவம்பரில் 8 வீதத்துக்கும் 2025 மே மாதம் 7.75 வீதத்துக்கும் வந்தது. மாறும் வட்டிக் கடன் என்றால் உங்கள் வீதம் எப்போது, எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். 2022, 2023இல் நிலையான உயர் வட்டியில் ஒப்பந்தம் போட்டிருந்தால், அதே வங்கியிடம் வீத மறுபரிசீலனை கேளுங்கள். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான மறுகடன் இதுதான். புதிய ஈட்டுறுதி எழுத வேண்டாம், நொத்தாரிசுக் கூலி இல்லை, பெறுமதி மதிப்பீடு பெரும்பாலும் தேவையில்லை. கேட்காதவருக்கு வங்கி தானாக வந்து தராது.

தவணை தவறத் தொடங்கியவருக்கு முக்கியமான எல்லை 90 நாள். மத்திய வங்கியின் வகைப்படுத்தல் விதிகளின்படி, 90 நாளுக்கு மேல் நிலுவையில் நிற்கும் கடன் செயற்படாக் கடனாகிறது. அதற்கு முன் உங்களோடு பேசுபவர் கிளை முகாமையாளர்; அதற்குப் பின் வசூல் பிரிவும் சட்டப் பிரிவும். முன்னவருக்கு நீங்கள் வாடிக்கையாளர், பின்னவருக்கு நீங்கள் ஒரு கோப்பு. அத்தோடு, செயற்படாக் கடனுக்கு வங்கி தன் இலாபத்திலிருந்து பெரிய தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த நிலைக்குப் போகாமல் கடனைத் திருத்தி அமைப்பதில் வங்கிக்கும் இலாபம் உண்டு. 89ஆம் நாள் உங்கள் கையில் இருக்கும் பேரம் பேசும் பலம் 91ஆம் நாள் இருக்காது. ஆதலால் இரண்டாவது தவணை தவறும் என்று தெரிந்த வாரத்திலேயே கடிதம் கொடுங்கள்.

கடிதத்தில் கெஞ்சல் வேண்டாம், கணக்கு வேண்டும். கடன் இலக்கம், மீதித் தொகை, நிலுவை, தவறியதற்கான காரணம், அதற்கான சான்று, இனிமேல் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற தொகை, எதை மாற்றக் கேட்கிறீர்கள் என்பது. இந்தப் பகுதியின் வருமானத்துக்குப் பருவம் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் கடல் கொந்தளிக்கும், சிறு வள்ளங்கள் முடங்கும். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடலும் சுற்றுலாவும் உழைப்பைத் தரும். ஆனால் கடன் தவணையோ பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை. மாரி மாதங்களில் வட்டி மட்டும், உழைப்பு மாதங்களில் கூடிய தவணை என்ற அமைப்பைக் கேட்பதில் தவறில்லை. விவசாயக் கடனில் அறுவடையோடு தவணையைப் பொருத்தும் வழக்கம் வங்கிகளுக்குப் புதிதல்ல. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதமும், கடந்த இரண்டு ஆண்டு மீன் விற்ற பற்றுச்சீட்டுகளும், கிராம உத்தியோகத்தரின் வருமான உறுதிப்படுத்தலும் இந்தக் கோரிக்கைக்கு உடம்பு கொடுக்கும். கடிதத்தின் பிரதியில் வங்கியின் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள்.

வங்கி தரும் பதிலில் இரண்டு சொற்களைக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவது கால நீடிப்பு. 15 இலட்சம் மீதியுள்ள கடன், 14 வீத வட்டி, பத்தாண்டு மிச்சம் என்றால் தவணை ஏறத்தாழ 23,300. காலத்தைப் பதினைந்து ஆண்டாக்கினால் 20,000. மாதம் 3,300 ரூபாய் மூச்சு விடலாம். ஆனால் மொத்தத்தில் ஏறத்தாழ எட்டு இலட்சம் கூடக் கட்டுகிறீர்கள். வீடு போகாமல் இருக்க இதுதான் விலை என்றால் கொடுக்கலாம், தெரிந்து கொடுக்க வேண்டும். நிலைமை சீரானதும் கூடுதலாகக் கட்டி முன்கூட்டித் தீர்க்கத் தண்டக் கட்டணம் இருக்கிறதா என்பதை அன்றே கேளுங்கள். இரண்டாவது சொல் சலுகைக் காலம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் சுற்றுலாத் துறைக்கும், 2020 கொரோனாவுக்குப் பின் பலருக்கும் இது கிடைத்தது. அதை மன்னிப்பு என்று எண்ணியவர்கள் பின்னர் ஏமாந்தார்கள். 20 இலட்சத்துக்கு 12 வீதம் என்றால் மாதம் 20,000 ரூபாய் வட்டி. ஆறு மாதம் நிறுத்தினால் 1,20,000 ரூபாய் ஒரு மூலையில் சேர்ந்துகொண்டிருக்கும். அந்தத் தொகை முதலோடு சேருமா, அதற்கும் வட்டி ஓடுமா, தனியாகக் கட்டலாமா என்பது எழுத்தில் வர வேண்டும். 2023இல் வெளியான நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், கடன் நிபந்தனைகளை வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகத் தருவதை நிதி நிறுவனங்களின் கடமையாக்கியிருக்கின்றன. தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை, விளங்காமல் ஒப்பமிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் எப்போதும் எழும். கடனை மறுசீரமைத்தால் கொடுகடன் தகவல் பணியகத்தில் பதிவாகிவிடும், பிறகு எங்குமே கடன் கிடைக்காது, அதைவிட நகையை அடகு வைத்தோ நுண்கடன் எடுத்தோ தவணையைக் கட்டிப் பெயரைக் காப்பாற்றலாமே என்பார்கள். பதிவாகும் என்பது உண்மை. ஆனால் 90 நாள் நிலுவையும் அங்கேதான் பதிவாகிறது, அது மறுசீரமைப்பைவிடக் கறையான பதிவு. பெரிய கேடு வேறு. ஈட்டுக் கடன்தான் ஒரு குடும்பத்திடம் இருக்கும் மலிவான கடன். அதைக் கட்டுவதற்கு அதைவிட இரண்டு மடங்கு வட்டியில் வாராந்தக் கடன் எடுப்பது, கிணற்றில் விழுந்தவர் ஏறுவதற்காக அடியைத் தோண்டுவதைப் போன்றது. நுண்கடனால் வடக்கு கிழக்கில் பெண்கள் பட்ட துயரம் எவ்வளவு ஆழமானது என்றால், 2018இல் அரசே தலையிட்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன் நிலுவைகளைத் திறைசேரிப் பணத்தில் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அந்தத் தள்ளுபடியைச் சுட்டிக்காட்டி, வீட்டுக் கடனுக்கும் ஒரு நாள் அப்படி வரும் என்போரும் உண்டு. வந்தது ஒரு இலட்சம் வரையான, பிணையில்லாத சிறு கடனுக்கு. உறுதி ஈடு வைத்த பல இலட்சக் கடனுக்கு அப்படி ஒரு தள்ளுபடி வந்ததில்லை; 2023 மார்ச் முதல் சர்வதேச நாணய நிதியத்தின் கணக்குப் பார்வைக்குள் நடக்கும் திறைசேரியிடம் அதை எதிர்பார்த்துத் தவணையை நிறுத்தக் கூடாது. நகை அடகைப் பற்றி இதே கடுமையோடு சொல்ல மாட்டேன். ஒரு மாத இடைவெளியை நிரப்ப, மீட்கும் திகதி கையில் தெரிந்தால், அது நியாயமான வழி. ஆறு மாதத் தவணையை நகையால் கட்டுவது நகையையும் வீட்டையும் சேர்த்து இழக்கும் வழி.

அரச வீடமைப்பு வங்கிக்குக் கடனை மாற்றுவது பலர் கேட்கும் யோசனை. 1975ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரச ஈட்டு முதலீட்டு வங்கியும், 1997ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த வீடமைப்பு அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபன வங்கியும் வீட்டுக் கடனுக்கென்றே இருப்பவை. வேறு வங்கியில் இருக்கும் ஈட்டை மீட்கவும் கடன் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அவையும் கொடுகடன் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும்; நிலுவையோடு போகிறவரை அவை அணைத்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். பழைய வங்கியின் முன்கூட்டித் தீர்க்கும் கட்டணம், ஈடு விடுவிப்பு, புதிய ஈட்டுறுதி, சட்டத்தரணிக் கூலி, மதிப்பீடு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், வட்டி வித்தியாசம் ஒரு வீதமாக இருக்கும்போது மாறுவதில் பயனில்லை. நடைமுறையில் சரியான வரிசை இது: முதலில் சொந்த வங்கியில் மறுசீரமைப்பு, பிறகு ஓராண்டு தவறாமல் கட்டிய பதிவு, அதன் பின் மாற்றம். சிறிய திருத்தக் கடன்களுக்கு, 1979ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தை அணுகலாம். ஆனால் அது வங்கி நிலுவையைத் தீர்க்கும் இடம் அல்ல. அதே சபையிடம் நீங்கள் எடுத்த கடனே நிலுவையில் இருந்தால், தவணையை மாற்றித் தரும்படி அங்கேயே கேளுங்கள்.

வீட்டில் ஒருவர் விடுதியிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ தனியார் நிறுவனத்திலோ வேலை செய்தால், ஊழியர் சேமலாப நிதி ஒரு மெய்யான அரச பின்பலம். நிதியிலுள்ள மீதியில் 75 வீதம் வரை பிணையாக வைத்து அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் வீட்டுக் கடன் பெறலாம். காணியை ஈடு வைக்கத் தேவையில்லாத வழி என்பதால், உறுதி சிக்கலில் உள்ள கடற்கரைக் குடும்பங்களுக்கு இது உதவும். 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால், பத்தாண்டு பங்களிப்பும் மூன்று இலட்சம் ரூபாய் மீதியும் உள்ள உறுப்பினர் வீட்டுத் தேவைக்காகவோ மருத்துவத்துக்காகவோ 30 வீதம் வரை, 20 இலட்சம் ரூபாய் உச்ச வரம்புக்குள், ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம். உங்கள் நோக்கம் ஏற்கப்படுமா என்பதைத் திருகோணமலை தொழில் அலுவலகத்தில் விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: பிணை வைத்த கடனை நீங்கள் கட்டாவிட்டால் அந்த நிலுவை உங்கள் முதுமைப் பணத்திலிருந்து கழிக்கப்படும். வீட்டுக்காக ஓய்வுக்காலத்தை ஈடு வைக்கிறீர்கள். வருமானம் மீளும் என்ற தெளிவு இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். வள்ளத்தில் போகிறவருக்கு இந்த நிதி இல்லை என்பது இந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பின் பெரிய ஓட்டை. அதை இந்த நூல் அடைக்க முடியாது.

காணியைப் பற்றி ஒரு வார்த்தை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்போ பெற்ற காணியை விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் தேவை. குச்சவெளிப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கோப்பு சரியாக இருக்கிறதா, உரித்தாளர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சுனாமியிலோ போர்க்கால இடப்பெயர்விலோ ஆவணம் தொலைந்திருந்தால், மறுகடன் பற்றி யோசிப்பதற்கு முன்னமே பிரதியெடுக்கத் தொடங்குங்கள்.

இனி ஏலம். இறக்கக்கண்டியில் ஒரு வீட்டுக்காரரை நிலைகுலையச் செய்வது ‘பராட்டே’ என்ற சொல். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் போகாமலேயே பணிப்பாளர் சபைத் தீர்மானத்தால் ஈட்டுச் சொத்தை ஏலம் விடும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்தது. ஆனால் 2011இல் செய்த திருத்தத்தின்படி, கடனாகப் பெற்ற முதல்தொகை ஐம்பது இலட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் அந்தச் சட்டத்தின் கீழ் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது. கிராமத்து வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழே. அப்படியானால் வங்கி 1949ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், அல்லது 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின் சுருக்க நடைமுறைக்குப் போக வேண்டும். ‘அடுத்த மாதம் வீடு ஏலம்’ என்று தொலைபேசியில் மிரட்டும் வசூலாளரிடம், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். சில அரச வங்கிகளுக்குத் தங்கள் சொந்தச் சட்டத்திலேயே ஏல அதிகாரம் இருக்கிறது. கடன் அங்கே என்றால் இந்த வரம்பை நம்பி இருக்காமல் சட்டத்தரணியைப் பாருங்கள். பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் தீர்மானம் வெளியான பிறகும், ஏலத் திகதிக்கு முன் முழு நிலுவையையும் செலவையும் செலுத்தினால் விற்பனை நிற்கும்.

2024இல் பராட்டே அதிகாரம் சட்டத்தால் அந்த ஆண்டு டிசம்பர் 15 வரை இடைநிறுத்தப்பட்டு, பின்னர் 2025 மார்ச் 31 வரை நீண்டது. அதை வெற்றியாகக் கொண்டாடியவர்கள் பலர். என் மதிப்பீடு வேறு. இடைநிறுத்தம் ஏலத்தை நிறுத்தியது, வட்டியை நிறுத்தவில்லை. அந்த மாதங்களில் வங்கியோடு பேசி மறுசீரமைத்தவர் பிழைத்தார், பேசாமல் இருந்தவருடைய கடன் பெருத்தது. கட்ட முடியாது என்பது உறுதியாகத் தெரிந்தால், வங்கியின் சம்மதத்தோடு நீங்களே வாங்குபவரைத் தேடி விற்பது ஏலத்தைவிட நல்ல விலை தரும். கடற்கரையோரக் காணியின் பெறுமதியை ஏலக் கூடத்துக்கு வருகிறவரைவிட நீங்களும் அயலவரும் நன்றாக அறிவீர்கள். இது தோல்வி போலத் தோன்றும். மிச்சப் பணத்தோடு வெளியேறுவதும் வெறுங்கையோடு வெளியேற்றப்படுவதும் ஒன்றல்ல.

தனியாரிடம் ஈடு வைத்தோருக்கு இந்நாட்டில் ஒரு பழைய பாதுகாப்பு உண்டு, அறிந்தோர் குறைவு. 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அமைந்த கடன் இணக்கச் சபை, நீதி அமைச்சின் கீழ், தனியார் ஈட்டுக் கடன்களையும் மீட்பு நிபந்தனையோடு எழுதிய விற்பனை உறுதிகளையும் விசாரித்து, கடன்காரரையும் கொடுத்தவரையும் இணக்கத்துக்குக் கொண்டுவரும். வங்கிக் கடன் அதன் எல்லைக்குள் வராது. நிபந்தனை விற்பனை என்றால் உறுதியில் குறித்த மீட்புக் காலம் முடிவதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும்; ஒரு நாள் பிந்தினாலும் கதவு மூடும். வட்டிக்காரர் ‘ஒரு சம்பிரதாயத்துக்காக’ விற்பனை உறுதி எழுதச் சொல்லியிருந்தால், அந்தத் திகதியை இன்றே தேடிப் பாருங்கள்.

வட்டி தவிர்த்து, இஸ்லாமிய நிதிப் பிரிவுகளில் குறைந்து செல்லும் பங்குடைமை முறையில் வீடு எடுத்தோரும் இப்பகுதியில் உண்டு. அங்கே நிலுவை என்பது வாடகையும் பங்கு வாங்கும் தொகையும். மறுசீரமைப்பு என்பது வாடகையையும் காலத்தையும் மறுபடி பேசுவது. பெயர் வேறு என்றாலும் 90 நாள் எல்லையும் எழுத்தில் கேட்கும் ஒழுக்கமும் அப்படியே பொருந்தும்.

வங்கிகள் ஏழையின் கடிதத்தைக் குப்பையில் போடும், ஏன் எழுத வேண்டும் என்பது கடைசி ஆட்சேபம். போடலாம். முத்திரையிட்ட பிரதி உங்கள் கையில் இருந்தால், அடுத்த படிகள் திறந்திருக்கின்றன: வங்கியின் தலைமையக முறைப்பாட்டுப் பிரிவு, அதன் பின் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம், அல்லது நிதி ஒம்பட்ஸ்மன். திருகோணமலையிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாடு செய்தால் கடன் குறையும் என்று நான் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருக்க வங்கியால் முடியாது என்கிறேன். எழுதாதவருடைய கோப்பில் இருப்பது நிலுவைத் தொகை மட்டும். வழக்கு நீதிமன்றம் போனால், முயன்றவர் என்பதைக் காட்ட உங்களிடம் இருக்கப்போவதும் அந்தக் கடிதப் பிரதிதான்.

இந்த அத்தியாயத்தை வாசித்து முடித்தவர், ஒரு தவணை தவறியிருந்தால்கூட, இந்த வாரமே கடன் கணக்கறிக்கையை வங்கியிலிருந்து வாங்குங்கள். நிலுவை எத்தனை நாள் என்று எண்ணுங்கள். தொண்ணூறுக்குக் குறைவென்றால் கடிதத்தை நாளைக்கே கொடுங்கள். கூடிவிட்டதென்றால் கடிதத்தோடு ஒரு சட்டத்தரணியையும் பாருங்கள். மத்திய வங்கியின் நுகர்வோர் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம் 1935.